கேள்வி கேட்போர் எல்லோரும் விசாரணையாளர் அல்லர்

ஊரில் நாம் 'நேர்முகப் பரீட்சை' என்றே சொல்லிப் பழகியவர்கள். பரீட்சை என்ற சொல் காதில் விழுந்த உடனேயே மண்டபமும், சுட்டெண்ணும், மேற்பார்வையாளரும் எம் மனக்கண்முன் வந்து நின்றுவிடுவதுண்டு. புலம்பெயர்ந்த பின்னர் அப்பயத்தோடு இன்னொரு பயமும் சேர்ந்துகொண்டது. விமான நிலையத்தில் குடிவரவு அதிகாரி எம்மை இருத்தி வைத்துக் கேட்டதற்கும் 'இன்ரவியூ' என்றே பெயர். களஞ்சியத்தில் பொதி கட்டும் வேலைக்கு ஆள் எடுக்கும் முகாமையாளர் கூப்பிட்டுக் கேட்பதற்கும் அதே பெயர்தான். பெயர் ஒன்றாக இருப்பதனாலோ என்னவோ, எமது உடலும் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்கின்றது.

ரொறன்ரோவிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வேலை தேடும் எம்மவரிடையே அடிக்கடி காணப்படும் நிலை ஒன்றுண்டு. தொழில் தெரிந்தவர், ஆங்கிலமும் ஓரளவு அறிந்தவர், நண்பர்களிடையே கலகலப்பாகப் பேசுபவர், ஆயினும் மேசைக்கு அப்பால் ஒருவர் தாளும் பேனையுமாக அமர்ந்துவிட்டால் அவருக்கு நாக்கு ஒட்டிக்கொள்கின்றது, கை வியர்க்கின்றது, நன்கு தெரிந்த பதிலும் மறந்துபோகின்றது. இதனைத் தமது கோழைத்தனம் என்று எண்ணி வெட்கப்படுவோர் பலர். அது கோழைத்தனம் அன்று. சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டியபடி நின்ற உடல் அது. ஒரு கேள்விக்குப் பிழையான பதில் சொன்னால் என்ன நேரும் என்பதைக் கண்ணாரக் கண்ட உடல் அது. யாழ். பல்கலைக்கழகத்தில் உளமருத்துவப் பேராசிரியராக விளங்கிய தயா சோமசுந்தரம், போர் எமது மக்களின் உள்ளத்தில் விட்டுச்சென்ற வடுக்களை 1998 இல் ஒரு தனி நூலாகவே எழுதினார். வடு இருக்குமிடத்தில் கை பட்டால் உடல் துணுக்குறுவது இயல்பே.

ஆகவே, 'பயப்படாதீர்கள்' என்று சொல்வதனால் பயம் போய்விடாது. இரண்டு அறைகளுக்கும் உள்ள வேறுபாட்டைத் தெளிவாக விளங்கிக்கொண்டு, அதற்கேற்ப ஆயத்தம் செய்தலே நாம் கண்ட வழி. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தை மனத்திற்கொண்டு இக்கட்டுரையை எழுதுகின்றோம். ஏனைய நாடுகளில் வாழும் வாசகர்களுக்கும் இதன் பெரும்பகுதி பொருந்தும். சட்டங்கள் மட்டுமே நாட்டுக்கு நாடு வேறுபடும்.

இரண்டு அறைகள், இரண்டு நியாயங்கள்

கனடாவில் அகதிக் கோரிக்கைகளை விசாரிப்பது 1989 இல் அமைக்கப்பட்ட குடிவரவு அகதிகள் சபையாகும். அச்சபையின் முன் செல்வோருக்குச் சட்டத்தரணிகள் வழக்கமாகக் கூறும் அறிவுரை யாது? கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். தெரியாததை ஊகித்துச் சொல்லாதீர்கள். எழுதிக் கொடுத்த திகதிகளுக்கும் வாயால் சொல்லும் திகதிகளுக்கும் முரண்பாடு வரவிடாதீர்கள் என்பதே. அந்த அறைக்கு அது மிகச் சரியான அறிவுரை. அங்கு எமது கூற்று நம்பத்தக்கதா என்பதே அலசப்படுகின்றது.

அதே பழக்கத்தோடு வேலைக்கான நேர்முகத்திற்குச் சென்றால் என்ன நிகழ்கின்றது? "உங்கள் முன்னைய வேலையைப் பற்றிக் கூறுங்கள்" என்று முகாமையாளர் கேட்கின்றார். "களஞ்சியத்தில் வேலை செய்தேன்" என்று சொல்லி நாம் நிறுத்திவிடுகின்றோம். அவர் மேலும் கேட்கக் காத்திருக்கின்றார். நாமோ அடுத்த கேள்விக்காகக் காத்திருக்கின்றோம். இவருக்கு இந்த வேலையில் அக்கறை இல்லைப் போலும் என்று அவர் எண்ணிவிடுகின்றார். மரியாதையின் பொருட்டு நாம் கண்ணைத் தாழ்த்திக்கொள்கின்றோம். எதையோ மறைக்கின்றார் என்று அவர் எடுத்துக்கொள்கின்றார். 'ஆம்' என்பதற்கு நாம் தலையை இருபுறமும் அசைக்கின்றோம். அவருடைய ஊரில் அது 'இல்லை' என்பதற்கு அண்மையான சைகை. அங்கே எம்மைக் காப்பாற்றிய பழக்கங்கள் இங்கே எமக்கு எதிராக வேலை செய்கின்றன.

வேறுபாட்டைச் சுருக்கமாகச் சொல்லலாம். அகதி விசாரணையில் தேவை முழுவதும் எம் பக்கத்தில் இருந்தது. வேலைக்கான நேர்முகத்திலோ இரு பக்கத்திலும் தேவை இருக்கின்றது. ஓர் இடம் வெறுமையாகக் கிடக்கும் ஒவ்வொரு நாளும் அந்த நிறுவனத்திற்கு நட்டமே. இருக்கின்ற ஊழியர்கள் மேலதிக நேரம் வேலை செய்து களைத்துப்போகின்றனர். கதவைத் திறந்துகொண்டு வரும் அடுத்த ஆளாவது பொருத்தமானவராக இருக்கவேண்டும் என்ற எதிர்பார்ப்போடுதான் அம்முகாமையாளர் அமர்ந்திருக்கின்றார். அவர் எமது வாயில் முரண்பாடு தேடுபவர் அல்லர். தமது சிக்கலுக்குத் தீர்வு தேடுபவர். இந்த ஓர் உண்மையை மனத்தில் இருத்திக்கொண்டால் பாதி ஆயத்தம் முடிந்ததாகக் கொள்ளலாம்.

அழைப்பு வந்ததன் பொருள்

பொருளியலாளர் பிலிப் ஓரியோபௌலோஸ் ரொறன்ரோப் பகுதியில் நடத்தி 2011 இல் வெளியிட்ட ஆய்வொன்று பலராலும் எடுத்துக்காட்டப்படுவது. ஆயிரக்கணக்கான கற்பனைத் தன்விபரக் கோவைகள் உண்மையான வேலை விளம்பரங்களுக்கு அனுப்பப்பட்டன. தகைமைகள் ஒத்தவையாக இருந்தபோதும், ஆங்கிலப் பெயர் தாங்கியவற்றுக்குச் சீன, இந்திய, பாகிஸ்தானியப் பெயர்கள் தாங்கியவற்றைவிடச் சுமார் 40 வீதம் கூடுதலாக நேர்முக அழைப்புகள் வந்தன. கசப்பான உண்மைதான். இதனை மறைப்பதில் பயனில்லை.

ஆனால் இதே உண்மைக்கு மறுபக்கம் ஒன்றுண்டு. எமது நீண்ட பெயரையும், அவர்கள் கேள்விப்பட்டிராத எமது பாடசாலைகளையும் கண்ட பின்னரும் ஒருவர் தொலைபேசியை எடுத்து எம்மை அழைத்திருக்கின்றார் எனில், மிக நுண்ணிய சல்லடையை நாம் ஏற்கெனவே கடந்துவிட்டோம் என்பதே பொருள். தாளில் உள்ள தகைமை போதுமானது என்று அவர்கள் முடிவு செய்த பின்னரே அழைப்பு வருகின்றது. ஆகையால் மன்றாடும் மனநிலையில் அங்கு செல்லவேண்டிய அவசியம் இல்லை.

தன்விபரக் கோவையைப் பற்றியும் இங்கு ஒரு வார்த்தை. ஊரில் எழுதும் வழக்கப்படி பிறந்த திகதி, மதம், திருமண நிலை, பெற்றோர் பெயர், புகைப்படம் ஆகியவற்றை இங்கு சேர்ப்பதில்லை. சமூகக் காப்புறுதி இலக்கத்தை ஒருபோதும் எழுதக் கூடாது. வேலை தொடங்கிய பின்னரே தொழில்தருநர் அதனைக் கேட்டுப் பெறவேண்டும். அகதிக் கோரிக்கையாளருக்கு வழங்கப்படும் இலக்கம் 9 இல் தொடங்கும். அதனை நாமாகவே முன்கூட்டி எழுதிக் கொடுப்பது, எமது வதிவிட நிலையை நாமே பறைசாற்றுவதாகவும் முடியும்.

தற்புகழ்ச்சி என்னும் தயக்கம்

"உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்பதே பெரும்பாலும் முதற் கேள்வி. எம்மவருக்கு மிகக் கடினமான கேள்வியும் அதுவே. தன்னைத் தானே புகழ்வது பண்பன்று என்று கற்பிக்கப்பட்டு வளர்ந்தோம். அதனால் 'நான் செய்தேன்' என்று சொல்லவேண்டிய இடத்தில் 'செய்தோம்' என்கின்றோம், 'செய்யப்பட்டது' என்கின்றோம். கேட்பவருக்கு, அந்த வேலையில் இவருடைய பங்கு எது என்பது விளங்குவதில்லை.

எமது மரபே இதற்கு விடை வைத்திருக்கின்றது. பவணந்தி முனிவர் நன்னூலின் பாயிரத்தில், கற்றவன் தன்னைத் தானே புகழ்ந்துகொள்ளத் தகும் இடங்கள் நான்கு என வகுத்துள்ளார். அரசவைக்கு ஓலை எழுதும்போது, தனது ஆற்றலை அறியாதார் நடுவில் இருக்கும்போது, அவையிலே வாதில் வெல்லவேண்டிய வேளையில், எதிராளி தன்னைப் பழித்த காலத்தில் என்பனவே அவை. வேலைக்கு விண்ணப்பம் எழுதுதல் முதலாவதில் அடங்கும். நேர்முகம் இரண்டாவதில் அடங்கும். எம் ஆற்றலை அறியாத ஒருவர் அறிய விரும்பிக் கேட்கும்போது மௌனம் காப்பது அடக்கம் ஆகாது. கேட்டவருக்கு உரிய தகவலைக் கொடாது விடுவதே ஆகும்.

அந்த முதற் கேள்விக்குரிய பதிலை இரண்டு நிமிடங்களுக்குள் அடக்கிக்கொள்ளுங்கள். பிறந்த ஊரும், படித்த பாடசாலையும், உடன்பிறந்தாரின் எண்ணிக்கையும் வேண்டியதில்லை. இப்போது என்ன செய்கின்றீர்கள், இதற்கு முன் இவ்வேலைக்குப் பொருந்துவதாக என்ன செய்தீர்கள், இந்த வேலையை ஏன் விரும்புகின்றீர்கள் என்ற மூன்று பகுதிகள் போதும். எழுதுவினைஞராக இருந்த ஒருவர் இவ்வாறு கூறலாம்: "தற்போது உணவகம் ஒன்றில் மாலை நேரத்தில் காசாளராக வேலை செய்கின்றேன். அதற்கு முன் எட்டு ஆண்டுகள் கூட்டுறவுச் சங்கமொன்றில் கணக்குப் புத்தகங்களைப் பொறுப்பேற்று எழுதினேன். இங்கு கணக்கியற் கற்கைநெறியொன்றை முடித்துள்ளேன். கணக்கு வேலைக்கே மீண்டும் திரும்ப விரும்புகின்றேன்; அதனாலேயே விண்ணப்பித்தேன்." இதில் மிகைப்படுத்தல் ஒன்றுமில்லை, குறைத்துச் சொல்லலும் இல்லை.

பட்டதைத் தொழிலாகச் சொல்லுதல்

இந்நாட்டு நேர்முகங்களில் 'இப்படியொரு நிலைமை வந்தபோது நீங்கள் என்ன செய்தீர்கள்?' என்ற வகைக் கேள்விகள் மிகுதி. எல்லா விண்ணப்பதாரரிடமும் ஒரே கேள்விகளை ஒரே ஒழுங்கில் கேட்பதும் பெருகிவருகின்றது. பிராங்க் ஷ்மிற், ஜோன் ஹன்ரர் என்ற இரு உளவியலாளர்கள் 85 ஆண்டுக்கால ஆய்வுகளைத் தொகுத்து 1998 இல் வெளியிட்ட கட்டுரையில், மனம்போன போக்கில் உரையாடுவதைவிட இவ்வாறு ஒழுங்குபடுத்திக் கேட்பதே நல்ல ஊழியரை இனங்காண உதவுகின்றது என்று காட்டினர். எமக்கு இது நன்மையே. ஏனெனில் இவ்வகைக் கேள்விகளை முன்கூட்டியே ஊகித்து ஆயத்தம் செய்யலாம்.

பதிலை நான்கு படிகளாக அமைத்துக்கொள்ளுங்கள். நிலைமை என்ன, உங்கள் பொறுப்பு என்ன, நீங்கள் செய்தது என்ன, அதனால் விளைந்தது என்ன.

"எனக்குச் சொல்ல எதுவும் இல்லையே" என்போர் உளர். நாம் அவ்வாறு எண்ணவில்லை. 1990 இல் வடக்கிற்கு எரிபொருள் உட்பட எத்தனையோ பொருட்கள் தடை செய்யப்பட்டபோது, பெற்றோலில் ஓடிய மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓடவைத்த திருத்துநர்கள் எம்மிடையே இருக்கின்றனர். 'வளம் குறைவாக இருந்தபோது ஒரு சிக்கலை எவ்வாறு தீர்த்தீர்கள்?' என்ற கேள்விக்கு இதைவிடச் சிறந்த பதில் எங்கிருந்து வரும்? உதிரிப்பாகம் கிடைக்கவில்லை என்பது நிலைமை. வாடிக்கையாளரின் வாகனத்தை ஓடச் செய்வது பொறுப்பு. தொடக்கத்துக்குச் சில துளி பெற்றோல், பின்னர் மண்ணெண்ணெய் என எரிபொருட் பாதையை மாற்றியமைத்தது செயல். வாகனம் ஓடியதும், வேலைத்தலம் மூடப்படாமல் இருந்ததும் விளைவு.

பலநோக்குக் கூட்டுறவுச் சங்கக் கிளையொன்றில் முகாமையாளராக இருந்தவர், இடப்பெயர்வுக் காலத்தில் பங்கீட்டு அட்டைகளை ஒழுங்கு செய்து நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்கு நிவாரணப் பொருட்களைப் பிரித்துக் கொடுத்திருப்பார். களஞ்சிய நிர்வாகமும், பொறுமையிழந்து வரிசையில் நின்ற மக்களைச் சமாளித்ததும், இருப்புக் கணக்கும் அதனுள் அடங்கும். வீட்டில் இருந்தபடி சீட்டுப் பிடித்து இருபது பேரின் காசுக்குக் கணக்கு வைத்த தாய்மாரும் 'எனக்கு அனுபவம் இல்லை' என்று சொல்லவேண்டியதில்லை; நம்பிக்கைக்குரியவராக இருந்தமையையும் கணக்கு வைக்கும் திறமையையும் எடுத்துச் சொல்லலாம்.

ஒன்றை மட்டும் கவனிக்கவேண்டும். இக்கதைகளைச் சொல்லும்போது துயரத்தில் இறங்கிவிடாமல் தொழிலில் நில்லுங்கள். கேட்பவர் இரங்கவேண்டும் என்பது நோக்கமன்று; இவரிடம் வேலையை ஒப்படைக்கலாம் என்று அவர் எண்ணவேண்டும் என்பதே நோக்கம். இவ்வாறான நான்கைந்து சம்பவங்களை ஆயத்தமாக வைத்திருந்தால், எந்தக் கேள்வி வந்தாலும் அவற்றுள் ஒன்று பொருந்தும். சொல்லுக்குச் சொல் மனனம் செய்யாதீர்கள். மனனம் செய்தவர் ஒரு சொல் மறந்தால் முழுவதையும் மறந்துவிடுவார். சம்பவத்தை நினைவில் வைத்திருப்பவருக்கு அந்த இடர் இல்லை.

விடுபட்டுப்போன ஆண்டுகள்

எம்மவர் மிக அஞ்சும் கேள்வி ஒன்றுண்டு. "இந்த மூன்று ஆண்டுகள் என்ன செய்தீர்கள்?" இடப்பெயர்விலும், 2009 இல் முட்கம்பி முகாமிலும், பின்னர் வேறு நாடுகளில் வழிப்பயணத்திலும், இங்கு வந்து வேலை அனுமதிப் பத்திரத்திற்காகக் காத்திருந்தும் கழிந்த காலம் அது. இதற்கு எவ்வாறு பதில் சொல்வது?

பொய் சொல்ல வேண்டாம். இல்லாத நிறுவனத்தின் பெயரை எழுதி வைப்போர் ஒரு தொலைபேசி அழைப்பில் பிடிபடுகின்றனர். முழுக் கதையையும் சொல்லவும் வேண்டாம். அந்த அறைக்குள் அக்கதையைக் கேட்கும் உரிமை எவருக்கும் இல்லை. சொல்லத் தொடங்கினால் அதிலிருந்து மீண்டு வருவதும் எமக்குக் கடினம். உண்மையான ஒரு வாக்கியம் போதும்: "எனது நாட்டில் நடந்த போர் காரணமாக அந்த ஆண்டுகளில் எனது தொழிலைத் தொடர முடியவில்லை. கனடாவுக்கு வந்தபின் ஆங்கில வகுப்புகளை முடித்தேன். கோயிலில் தொண்டு அடிப்படையில் கணக்கு எழுதினேன். இப்போது முழுநேர வேலைக்கு ஆயத்தமாக இருக்கின்றேன்." கடந்த காலத்தில் தொடங்கி நிகழ்காலத்தில் முடியும் வாக்கியங்கள் இவை. வீட்டில் பல தடவை வாய்விட்டுச் சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள். முதல் தடவை தொண்டை அடைக்கலாம். பத்தாவது தடவையில் அது ஒரு தகவலாகிவிடும். நேர்முக அறையில் அதனை முதல் தடவையாகச் சொல்லும் நிலை எவருக்கும் வரக்கூடாது.

எமக்குரிய உரிமைகள்

உரிமைகளை அறிந்திருப்பதும் மன அமைதிக்கு ஒரு துணை. ஒன்ராறியோ மனித உரிமைச் சட்டக்கோவையின்படி இனம், பிறப்பிடம், நிறம், மதம், வயது, குடும்ப நிலை முதலியவற்றின் அடிப்படையில் வேலையில் பாகுபாடு காட்டுதல் கூடாது. 'எந்த நாட்டில் பிறந்தீர்கள்', 'எப்படி இங்கு வந்தீர்கள்', 'பிள்ளை பெறும் எண்ணம் உண்டா' என்பன நேர்முகத்தில் இடம்பெறவேண்டிய கேள்விகள் அல்ல. 'கனடாவில் வேலை செய்யச் சட்டப்படி உரித்துடையவரா?' என்று கேட்கலாம். வேலை அனுமதிப் பத்திரம் உள்ள அகதிக் கோரிக்கையாளர் 'ஆம்' என்று சொன்னால் போதும். கோரிக்கை எந்தக் கட்டத்தில் உள்ளது என்று விளக்கவேண்டியதில்லை. பொருத்தமற்ற கேள்வி வந்தால் சினம் கொள்ளாமல், "இந்த வேலைக்குரிய நேரங்களில் வருவதற்கு எனக்கு எந்தத் தடையும் இல்லை" என்பதுபோல வேலையோடு தொடர்புபடுத்தி விடையிறுப்பது ஒரு வழி.

'கனடிய அனுபவம் உண்டா?' என்ற கேள்வி எம்மவர் பலரைப் பல ஆண்டுகள் வாசலிலேயே நிறுத்திவைத்தது. அனுபவத்திற்கு வேலை வேண்டும், வேலைக்கு அனுபவம் வேண்டும் என்ற சுழல் அது. ஒன்ராறியோ மனித உரிமைகள் ஆணைக்குழு 2013 இலேயே, அவ்வாறு கேட்பது முதற்பார்வையிலேயே பாகுபாடாகும் என்ற கொள்கையை வெளியிட்டது. 2024 இல் நிறைவேற்றப்பட்ட மாகாணச் சட்டங்களின்படி, 2026 யனவரி 1 முதல் 25 பேருக்குக் குறையாத ஊழியர்களைக் கொண்ட நிறுவனங்கள் தமது பகிரங்க வேலை விளம்பரங்களில் கனடிய அனுபவத்தை ஒரு தேவையாகக் குறிப்பிடக் கூடாது. சம்பள வீச்சையும் விளம்பரத்தில் காட்டவேண்டும். நேர்முகத்திற்கு அழைத்தவருக்கு, இறுதி நேர்முகம் நடந்து 45 நாட்களுக்குள் முடிவு எடுக்கப்பட்டதா என்பதை அறிவிக்கவும் வேண்டும்.

சம்பளம் பற்றிய கேள்வி வந்தால் 'எவ்வளவு தந்தாலும் சரி' என்று சொல்லாதீர்கள். விளம்பரத்தில் உள்ள வீச்சைப் பார்த்துவைத்து அதற்குள் ஒரு தொகையைச் சொல்லுங்கள். 2025 ஒக்ரோபர் 1 முதல் ஒன்ராறியோவின் அடிப்படை ஆகக்குறைந்த கூலி மணித்தியாலத்துக்கு 17.60 டொலராக்கப்பட்டது. அதற்குக் குறைவாகக் 'கைக்காசு' தருவதாகச் சொல்பவரிடம் போவது வேலை தேடுதல் ஆகாது.

முதல் நாளும் அன்றைய காலையும்

படபடப்பின் பெரும்பகுதி சிறு காரியங்களை ஒழுங்கு செய்யாமையால் வருவது. இயலுமாயின் முதல் நாளே அந்த இடத்திற்குப் பேருந்தில் ஒருமுறை போய்ப் பாருங்கள். உடுப்பை மினுக்கி வையுங்கள். பனிக்காலமாயின் சப்பாத்தை ஒரு பையில் கொண்டுபோய் வாசலில் மாற்றிக்கொள்ளலாம். சான்றிதழ்களின் பிரதிகள், தன்விபரக் கோவையின் இரு பிரதிகள், உங்களைப் பற்றிக் கூறக்கூடிய இருவரின் பெயரும் தொலைபேசி இலக்கமும் ஒரு கோப்பில் இருக்கட்டும். அந்த இருவரும் உறவினராக இருத்தல் கூடாது. அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தலும் வேண்டும். பத்துப் பதினைந்து நிமிடம் முந்தி உள்ளே சென்றால் போதும். ஒரு மணித்தியாலம் முந்திச் சென்றுவிட்டால் அருகிலுள்ள கோப்பிக் கடையில் அமர்ந்திருக்கலாம். கணினியூடாக நடக்கும் நேர்முகமாயின் முதல் நாளே இணைப்பைப் பரிசோதித்து, பின்புறம் வெறுஞ்சுவர் தெரியுமாறு அமர்ந்து, குசினியில் தாளிக்கும் வேலையைச் சற்றுப் பிந்தி வைக்கும்படி வீட்டாரிடம் சொல்லிவைப்பது நல்லது.

இங்கு வளர்ந்த பிள்ளைகள் வீட்டில் இருப்பின் அவர்களைக் கேள்வி கேட்கச் சொல்லிப் பழகுங்கள். பிள்ளைக்கு முன்னால் ஆங்கிலத்தில் தடுமாறுவதற்குத் தந்தைமார் கூச்சப்படுவதுண்டு. அக்கூச்சம் வீட்டிலேயே கழிந்துவிட்டால் வெளியில் அது வராது. பிள்ளையும் தன் பெற்றோர் முன்பு யாராக இருந்தனர் என்பதை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டறியக் கூடும்.

உடலின் படபடப்பை முற்றாக அடக்க முயலவேண்டியதில்லை. ஹாவாட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலிசன் வூட் புறூக்ஸ் 2014 இல் வெளியிட்ட ஆய்வில், பலர் முன் பேசுதல் போன்ற சோதனைகளுக்கு முன்பு 'அமைதியாக இரு' என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டவர்களைவிட, 'உற்சாகமாக இருக்கின்றேன்' என்று சொல்லிக்கொண்டவர்கள் மேலாகச் செய்ததைக் கண்டார். பயத்திலும் உற்சாகத்திலும் இதயம் ஒரேவிதமாகத்தான் அடிக்கின்றது. அந்தத் துடிப்பை 'உடல் ஆயத்தமாகின்றது' என்று எடுத்துக்கொள்ளலாம். காத்திருக்கும்போது மூச்சை மெதுவாக உள்ளே இழுத்து, அதைவிட மெதுவாக வெளியே விடுங்கள். வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்புத் தணியும். ஐந்தாறு தடவை செய்தாலே வேறுபாடு தெரியும். வெறும் வயிற்றோடு போகாதீர்கள்.

அறையினுள்

உங்கள் பெயரை நிறுத்தித் தெளிவாகச் சொல்லுங்கள். அவர் உச்சரிக்கச் சிரமப்பட்டால் புன்னகையோடு பிரித்துச் சொல்லிக் கொடுங்கள். பெயரைச் சுருக்கிக்கொள்வதும் விடுவதும் உங்கள் விருப்பம். கேள்வி விளங்காவிடின், "தயவுசெய்து இன்னொரு முறை சொல்வீர்களா?" என்று கேட்பதில் இழுக்கில்லை. விளங்காத கேள்விக்குத் தலையசைப்பதே இழுக்கு. பதில் உடனே வராவிடின், "சற்று யோசித்துச் சொல்கின்றேன்" என்று கூறி ஐந்து விநாடி எடுத்துக்கொள்ளலாம். அகதி விசாரணையில் அத்தாமதம் ஐயத்தைக் கிளப்பியிருக்கலாம். இங்கு அது நிதானமாகவே கொள்ளப்படும். ஆங்கிலம் தடுமாறுகின்றதே என்று மன்னிப்புக் கேட்டுத் தொடங்காதீர்கள். சிறு வாக்கியங்களில் மெதுவாகப் பேசுங்கள்.

இறுதியில், "எங்களிடம் கேட்க ஏதேனும் உண்டா?" என்பார்கள். 'இல்லை' என்று எழுந்துவிடாதீர்கள். புதிதாகச் சேர்பவருக்கு முதல் மாதத்தில் என்ன கற்பிப்பீர்கள், எத்தனை பேர் சேர்ந்து வேலை செய்கின்றனர், முடிவை எப்போது அறியலாம் என்று கேளுங்கள். கேள்வி கேட்கும் உரிமை எமக்கும் தரப்படுகின்றது என்பதிலேயே இது விசாரணை அன்று என்பது தெளிவாகின்றது.

முடிவு வந்த பின்

அன்று மாலையே இரண்டு வரியில் நன்றிக் கடிதம் அனுப்புங்கள். பின்னர் அடுத்த விண்ணப்பத்தை எழுதத் தொடங்குங்கள்.

மறுப்புக் கடிதம் வரலாம். எமது சமூகத்தில் 'மறுக்கப்பட்டது' என்ற சொல்லுக்கு வேறொரு கனம் உண்டு. அச்சொல் வந்த வீடுகளில் அடுப்பு எரியாத இரவுகள் இருந்திருக்கின்றன. சட்டத்தரணியைத் தேடி ஓடியதும், நாடு கடத்தப்படுவோமோ என்று வாசல் மணியோசைக்கு நடுங்கியதும் பலரது வாழ்வில் நடந்தவை. அந்தக் கனத்தை இந்தக் கடிதத்தின் மேல் ஏற்றிவிடாதீர்கள். ஒரு நிறுவனம் ஓர் இடத்துக்கு இன்னொருவரைத் தேர்ந்தது என்பதற்கு மேல் இதில் எதுவும் இல்லை. நாம் கூறியது பொய் என்று எவரும் தீர்ப்பளிக்கவில்லை. எங்கும் திருப்பி அனுப்பப்படவும் இல்லை. எந்தக் கேள்வியில் தடுமாறினோம் என்பதை அன்றே ஒரு கொப்பியில் குறித்துவைத்தால், அடுத்த இடத்தில் அக்கேள்வி எமக்கு அறிமுகமானதாகிவிடும்.

முதல் நேர்முகத்திலேயே வேலை கிடைத்தவர்கள் சிலர். பல நேர்முகங்களுக்குப் பின் கிடைத்தவர்களே பலர். வேலை இன்னும் கிடையாதிருக்கும் வாசகர்கள் அடுத்த அழைப்பு வருமுன் இன்றே ஒரு தாளை எடுத்து, தாம் இதுவரை செய்த வேலைகளுள் நான்கினை எழுதிப் பார்க்கவேண்டும் என்பதே எமது வேண்டுகோள். ஊரில் செய்ததையும் எழுதுங்கள். முகாமில் செய்ததையும் எழுதுங்கள். இங்கு குசினியில் கோப்பை கழுவியதையும் எழுதுங்கள். அவற்றைச் செய்தவர் நீங்களே. அதனைக் கேட்பவருக்கு எடுத்துச் சொல்ல உங்களைவிடத் தகுதியானவர் வேறெவரும் இல்லை.